பெயிண்டுக்கு அடியில் இருப்பதைச் சொல்லி விற்றுவிடுங்கள்

பழைய சைக்கிள் வாங்கி விற்கும் கடைக்காரர்களுக்கும், அவர்களுக்கு ஃபிரேம் ஒட்டி, டிங்கரிங் பார்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுக்கும் பட்டறைக்காரர்களுக்கும்,

வணக்கம்.

டயர் வழுக்கை, செயின் தொங்குகிறது, ரிம்மில் கோட்டம், பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது என்று உங்களோடு மல்லுக்கு நிற்க இதை எழுதவில்லை. பழைய வண்டி என்றால் அதெல்லாம் இருக்கும். வாங்குகிறவர் கண்ணால் பார்த்து விலையைக் குறைத்துக் கேட்பார், பிறகு மாற்றிக்கொள்வார். மாற்ற முடியாதது ஃபிரேம் ஒன்றுதான். மற்றதெல்லாம் அதில் மாட்டித் தொங்குகிற சாமான். ஃபிரேமில் அடி பட்டது தெரிந்தும், புதுப் பெயிண்டும் ஸ்டிக்கருமாக மூடி, "ஷோரூம் கண்டிஷன்" என்று சொல்லி விற்பது உங்களில் சிலரிடம் வழக்கமாகிவிட்டது. எல்லாரும் அப்படி இல்லை. ஒடுக்கைத் தானே தொட்டுக் காட்டி, "இதுக்குத்தான் ஐந்நூறு குறைச்சிருக்கேன்" என்று சொல்லி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த மடலில் புதிதாக ஒன்றும் இல்லை.

இரண்டு மூன்று மாதத்தில் பெயிண்ட் பிளந்து விரிசல் வெளியே வரும். கடைக்குத் திரும்பி வந்தால், "நாங்க கொடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு, நீங்க எங்கேயோ கொண்டுபோய் இடிச்சிருக்கீங்க" என்பதுதான் பதில். இந்த வழக்கை ஃபிரேமே தீர்த்து வைக்கும். விரிசலின் வாயைக் கூரான கத்தியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உதடுகளின் உள்பக்கம் புதுப் பெயிண்ட் வழிந்து இறங்கியிருந்தால், பெயிண்ட் அடித்த நாளிலேயே விரிசல் இருந்திருக்கிறது. குழாய் முழுதாக முறிந்திருந்தால் முறிந்த முகத்தைப் பாருங்கள். நாள்பட்ட விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்த பகுதி வழவழப்பாக, கறுத்தோ துரு ஏறியோ இருக்கும். கிளிஞ்சலின் ஓட்டில் இருப்பதுபோல வளைவு வளைவான கோடுகள்கூடத் தெரியும். கடைசி நொடியில் பட்டென்று ஒடிந்த பகுதி மட்டும் சொரசொரப்பாக, பளிச்சென்று இருக்கும். வழவழப்பான பகுதி பாதிக்கு மேல் இருந்தால், நேற்று இடித்ததால் உடைந்தது என்ற பேச்சு எடுபடாது.

அடிக்கடி மறைக்கப்படுவது முன்னால் மோதிய அடிதான். முன் சக்கரம் எதிலாவது நேராக மோதும்போது அதைப் பிடித்திருக்கும் ஃபோர்க் ஒரு கடப்பாரைபோல வேலை செய்கிறது. நீளமான கை கீழே, மாட்டியிருக்கும் இடம் மேலே. ஃபோர்க் பின்னால் தள்ளப்பட, அதன் தண்டு நுழைந்திருக்கும் முன் குழாயான ஹெட் டியூபின் அடிப்பக்கமும் பின்னால் போகிறது. அந்த அழுத்தத்தை வாங்குவது, அங்கிருந்து பெடல் அச்சுக்கு இறங்கும் கீழ்க் குழாயின் அடிவயிறு. ஹெட் டியூபிலிருந்து இரண்டு விரல்கடை முதல் நான்கு விரல்கடை வரையிலான இடத்தில் அது புடைக்கும், அல்லது வேட்டி மடிப்புபோல ஒரு சுருக்கம் விழும். அதே அடியில் மேலே இருக்கும் பாரின் அடிப்பக்கத்திலும் சின்ன மேடு எழும்பலாம். இரண்டும் அடிப்பக்கம் என்பதால் நின்று பார்க்கிறவர் கண்ணில் படாது. விரலுக்குப் படும். கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலை ஹெட் டியூபிலிருந்து கீழே மெதுவாக இழுத்தால், அரை மில்லிமீட்டர் மேடுகூடத் தட்டும். விலை கூடிய ஃபிரேம்களில் குழாயின் இரு முனைகளும் கனமாக, நடுப்பகுதி மெலிதாக இருக்கும். அவற்றில் சுருக்கம் பெரும்பாலும் கனம் குறையத் தொடங்கும் இடத்தில்தான் விழும்.

மோதிய வண்டியில் பெரும்பாலும் ஃபோர்க்கைத்தான் முதலில் மாற்றுகிறீர்கள். ஃபிரேம் ஒரு நிறம், ஃபோர்க் வேறு நிறம். அல்லது ஃபிரேமில் பத்து வருடக் கீறல்கள், ஃபோர்க் மட்டும் பளபளவென்று. "ஃபோர்க் புதுசா போட்டிருக்கோம்" என்று அதையே பெருமையாகவும் சொல்கிறீர்கள். கேட்பவர் கேட்க வேண்டிய கேள்வி, பழைய ஃபோர்க் என்ன ஆயிற்று என்பது. அது வளைந்ததால் மாற்றியிருந்தால், அதை வளைத்த அடி ஃபிரேமுக்கும் போயிருக்கிறது. புது ஃபோர்க் போட்ட வண்டியில் கீழ்க் குழாயின் அடிவயிற்றைக் காட்டாமல் விற்காதீர்கள். இந்த மடலில் ஒன்றை மட்டும்தான் செய்வோம் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஃபோர்க் பழையதாகவே இருந்தால் அது நேராக இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். முன் சக்கரம் ஃபோர்க்கின் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்கினால், சக்கரத்தைக் கழற்றி இடம் வலம் திருப்பிப் போடுங்கள். ஒதுக்கம் மறு பக்கம் மாறினால் குறை சக்கரத்தில். ரிம்மை நடுவுக்கு இழுத்தால் தீரும். அதே பக்கமே ஒதுங்கினால் ஃபோர்க் கோணல். ஹேண்டிலைத் திருப்பும்போது பெடலில் வைத்த கால்விரல் முன் சக்கரத்தில் இடித்தால் சந்தேகப்படலாம். ஆனால் சின்ன அளவு ஃபிரேம்களில் இது இயல்பாகவே இருக்கும் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

பின்பக்கக் கோணலுக்கு நூல் போதும். பின் சக்கரத்தைக் கழற்றுங்கள். வலது பக்கம் அச்சு உட்காரும் இடத்தில் நூலைக் கட்டி, முன்னால் கொண்டுபோய் ஹெட் டியூபைச் சுற்றி, இடது பக்கம் அதே இடத்துக்கு இழுத்து விறைப்பாகக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் இடையே இரண்டு பக்கமும் எவ்வளவு இடைவெளி என்று ஸ்கேல் வைத்து அளங்கள். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் பெரிதில்லை. மூன்றைத் தாண்டினால் பின் முக்கோணம் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறது. கூடவே அச்சு உட்காரும் இரண்டு முகங்களுக்கும் இடையே அளங்கள்: அச்சைத் தாழ்ப்பாள் போட்டு இறுக்கும் வகையில் பழைய ரோடு பைக்குக்குப் பெரும்பாலும் 130 மில்லிமீட்டர், மவுன்டன் பைக்குக்கு 135. இதிலிருந்து நாலைந்து மில்லிமீட்டர் விலகியிருந்தால் யாரோ விரித்திருக்கிறார்கள், அல்லது நெருக்கியிருக்கிறார்கள். ஹெட் டியூப் முறுக்கிக்கொண்டிருப்பதை நூல் காட்டாது. அதற்கு, வண்டியின் முன்னால் நாலடி தள்ளிக் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, ஹெட் டியூபையும் அதற்குப் பின்னால் தெரியும் சீட் குழாயையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் இணையாக நிற்க வேண்டும். தச்சர் பலகையில் கண் வைத்துப் பார்ப்பாரே, அதே கணக்கு.

அடுத்தது பட்டறைக்காரர்களுக்கு. சைக்கிள் ஃபிரேம் என்றால் ஒரு காலத்தில் இரும்பு மட்டும்தான். குழாய்களை லக் என்ற மூட்டு உறையில் சொருகிப் பித்தளை ஓட்டி ஒட்டியது. 1949-இல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் வண்டிகளை ஓட்டியவர்களுக்கு அந்த ஃபிரேம் தெரியும். அதில் விரிசல் விட்டால் கேஸ் வெல்டிங்கில் ஒட்டலாம், கோணினால் நெம்பி நிமிர்த்தலாம். இரும்பு ஓரளவுக்குப் பொறுத்துக்கொள்ளும். அந்தக் கைப்பழக்கத்தை அப்படியே அலாய் ஃபிரேமுக்கும் கொண்டுவருவதில்தான் ஆபத்து. கடையில் அலாய் என்று சொல்வது அலுமினியக் கலவை. பெரும்பாலும் 6061 என்ற வகை. தொழிற்சாலையில் வெல்டிங் முடிந்ததும் முழு ஃபிரேமையும் 530 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, சட்டென்று குளிர வைத்து, கோணலை நிமிர்த்தி, பிறகு 160 முதல் 180 டிகிரி வரையுள்ள சூட்டில் பல மணி நேரம் ஊற வைக்கிறார்கள். அந்தப் பதத்தில்தான் அதற்கு முழு வலு வருகிறது. தெருமுனைப் பட்டறையில் ஆர்கான் வெல்டிங் வைத்தால் ஓட்டை மூடிக்கொள்ளும். ஆனால் சூடு ஏறிய சுற்றுப்பகுதியில் பதம் போய்விடும். அங்கே குழாய் வளையத் தொடங்கும் வலு பாதிக்கும் கீழே இறங்கும். ஒட்டிய இடம் நிற்கும், அதற்கு அரை அங்குலம் பக்கத்தில் மறுபடி பிளக்கும். உங்கள் கை சுத்தம் இதில் உதவாது. அந்த ஃபிரேமைப் பதப்படுத்தும் உலை உங்களிடம் இல்லை.

இன்னொன்று. இரும்புக்கு ஒரு எல்லை உண்டு. அதற்குக் கீழான பளுவை எத்தனை லட்சம் முறை ஏற்றினாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி எல்லை இல்லை. சின்னப் பளுவும் எண்ணிக்கை ஏற ஏற ஒரு நாள் விரிசலாகும். அதனால் புது ஃபிரேமுக்கே ஐஎஸ்ஓ 4210 என்ற சைக்கிள் பாதுகாப்புத் தரத்தில் மிதி விசையை மாற்றி மாற்றி 1 லட்சம் முறை கொடுத்துச் சோதிக்கிறார்கள். சுத்தியால் தட்டி நிமிர்த்திய அலாய் ஃபிரேமுக்கு அப்படி எந்தச் சோதனையும் இல்லை. அதைச் சோதிக்கப்போகிறவர் காசு கொடுத்து வாங்கியவர்தான். அலாயில் வளைத்து நிமிர்த்தலாம் என்பது ஒரே ஒரு பாகம்: பின் கியரைத் தாங்கும் ஹேங்கர். அடி பட்டால் ஃபிரேம் தப்பித்து அது வளையட்டும் என்றே தனித் துண்டாக வைத்திருக்கிறார்கள். அதையும் மாற்றிவிடுவதே நல்லது. விலை சில நூறுதான். நிமிர்த்தாமல் விட்டால், ஏற்றத்தில் பெரிய பல்லுக்கு மாற்றும்போது கியர் போய் ஸ்போக்ஸில் மாட்டும்; பின் சக்கரம் நின்றுவிடும்.

சீட்டைத் தாங்கும் சீட் பில்லரைக் கழற்றிப் பார்க்காமல் எந்த வண்டியையும் வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். உயரமானவர் சின்ன வண்டியை ஓட்ட, பில்லரை அதில் போட்டிருக்கும் எல்லைக் கோட்டுக்கும் மேலே தூக்கியிருப்பார். அப்போது உள்ளே இருக்கும் கொஞ்ச நீளம் நெம்புகோலாகி, சீட் குழாயும் பாரும் சேரும் இடத்தைப் பிளக்கும். விரிசல் பெரும்பாலும் கிளாம்புக்குக் கீழே உள்ள வெட்டின் அடியில் தொடங்கும், அல்லது வெல்டிங்கின் ஓரத்தில் மயிரிழைக் கோடாகத் தெரியும். கிளாம்பை மேலே தள்ளிவிட்டால்தான் கண்ணில் படும். கிளாம்பு ஒரு நல்ல மறைப்பு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பில்லர் கழற்றவே வரவில்லை என்றால் அதுவும் ஃபிரேமின் குறைதான். இரும்புக் குழாய்க்குள் அலாய் பில்லர், கிரீஸ் இல்லாமல், மழையும் வியர்வையும் பட்டு வருடக்கணக்கில் இருந்தால் இரண்டு உலோகமும் அரித்து ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். "சீட் உங்களுக்குச் சரியான உயரம்தானே சார், எதுக்குக் கழட்டணும்?" என்று பேச்சை மாற்றுவதைவிட, பிடித்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லி விலையைக் குறைக்கலாம்.

பில்லர் வந்ததும் குழாய்க்குள் செல்போன் டார்ச்சை அடியுங்கள். சீட் குழாய் வழியாக இறங்கும் தண்ணீர் எல்லாம் தேங்குவது பெடல் அச்சு சுழலும் பி.பி. கூட்டில். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. வெளியே பவுடர் கோட்டிங் கண்ணாடிபோல இருக்கும், உள்ளே துரு செதில் செதிலாக உரியும். ஃபிரேமைக் கவிழ்த்து ஆட்டினால் உள்ளே சரசரவென்று துருப்பொடி கொட்டும் சத்தம் கேட்டால், அந்த ஃபிரேமின் குழாய்ச் சுவரில் எவ்வளவு கனம் மிச்சம் என்று உங்களுக்கே தெரியாது. பி.பி. கூட்டின் அடியில் சின்ன வடிகால் ஓட்டை இருந்தால் அதைப் பெயிண்டால் அடைக்காதீர்கள் என்று பட்டறைக்காரர்களுக்கு ஒரு தனி வேண்டுகோள்.

புதுப் பெயிண்ட் என்பதே குற்றம் இல்லை. துருப்பிடித்த நல்ல ஃபிரேமைச் சுரண்டிப் பெயிண்ட் அடிப்பது அதற்கு ஆயுளைக் கூட்டும். பட்டி வைத்து மேடு பள்ளத்தை நிரவி, அதன் மேல் அடிப்பதுதான் மோசடி. இரும்பு ஃபிரேமில் இதைக் கண்டுபிடிக்க ஸ்பீக்கரிலிருந்து எடுத்த பழைய காந்தம் வேண்டாம். அது பட்டியைத் தாண்டியும் பிடித்துவிடும். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டும் வலுக்குறைந்த காந்தம்தான் இதற்கு ஏற்றது. குழாய் நெடுக நகர்த்தினால், பட்டி இருக்கும் இடத்தில் பிடி தளரும். அலாயில் காந்தம் ஒட்டாது. ஸ்பூனின் காம்பால் தட்டிக்கொண்டே போனால் பட்டி உள்ள இடத்தில் ஓசை மட்டுப்படும். பெயிண்ட் எங்கெல்லாம் போகக் கூடாதோ அங்கெல்லாம் போயிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பி.பி. மரையில், ஹெட் கப்பின் விளிம்பில், கேபிள் நுழையும் துளைகளில் பெயிண்ட் இருந்தால், அவசரத்துக்கு அடித்த வேலை. காலை பத்து மணி வெயிலில் ஃபிரேமைச் சாய்த்துப் பிடித்தால் ஒரு பகுதிக்கு மட்டும் அடித்த பெயிண்டின் நிறம் தனியாகத் தெரியும். டியூப்லைட் வெளிச்சத்தில் தெரியாது. கடைக்கு உள்ளேயே நிறுத்தி வண்டி காட்டும் பழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணமோ என்று சில நேரம் தோன்றுகிறது.

தெரிவது வெறும் பெயிண்ட் வெடிப்பா, உலோகத்தில் விரிசலா என்ற சந்தேகத்துக்கு மண்ணெண்ணெயும் சாக்பீஸும் போதும். சந்தேகப்படும் இடத்தில் பெயிண்டை ஒரு விரல் அகலத்துக்குச் சுரண்டுங்கள். மண்ணெண்ணெயைத் தடவி இருபது நிமிடம் விடுங்கள். சுத்தமான துணியால் ஈரமே இல்லாமல் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தடவிப் பத்து நிமிடம் பாருங்கள். விரிசலுக்குள் இறங்கிய எண்ணெய் திரும்பக் கசிந்து, வெள்ளைப் பொடியில் நேர்த்தியான ஈரக் கோடு விழும். கோடு இல்லை என்றால் பெரும்பாலும் பெயிண்ட் வெடிப்புதான். பெயிண்டைச் சுரண்டாமல் செய்தால் இந்தச் சோதனைக்குப் பொருள் இல்லை. வெல்டிங் வேலைக்கு விற்கும் சிவப்புச் சாய ஸ்பிரேயும் வெள்ளை ஸ்பிரேயும் இதையே இன்னும் துல்லியமாகச் செய்யும்.

கார்பன் இழையை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த கார்பன் ஃபிரேம்களைப் பற்றிச் சுருக்கமாக. பழைய கார்பன் வண்டிகளும் இப்போது கைமாறுகின்றன. ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டினால் நல்ல இடம் 'டிக்' என்றும், உள்ளே அடுக்குப் பிரிந்த இடம் 'தொப்' என்றும் கேட்கும். சந்தேகம் எழுப்ப இது போதும், சான்றிதழ் கொடுக்கப் போதாது. அதற்கு அல்ட்ராசவுண்ட் சோதனை வேண்டும். முறையாகப் பழுது பார்த்த கார்பன் ஃபிரேமை விற்பதில் தவறில்லை. எந்த இடத்தில், யாரிடம் பழுது பார்த்தது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ரிப்பேர் ஸ்டாண்டில் மாட்டும்போது பாரைப் பிடித்து இறுக்கி நீங்களே அதை நசுக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. பில்லரைப் பிடியுங்கள்.

பெயிண்டுக்கு அடியில் போகும் இன்னொன்று ஃபிரேம் எண். பெரும்பாலும் பி.பி. கூட்டின் அடியில் பொறித்திருக்கும். அதை ராவி எடுத்தோ, பட்டி வைத்து மூடியோ இருந்தால் அந்த வண்டியை வாங்கி வைக்காதீர்கள். திருட்டுப் பொருளைத் தெரிந்து வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் குற்றம்.

சட்டம் என்று வந்துவிட்டதால் அதையும் பேசிவிடலாம். "பார்த்துத்தானே வாங்கினீங்க" என்பது உங்கள் கடைசி ஆயுதம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதை நுணுக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறது. 17-ஆம் பிரிவின்படி, வெறுமனே வாய் திறக்காமல் இருப்பது பொதுவாக மோசடி ஆகாது. ஆனால் தெரிந்த ஒன்றை முனைந்து மறைப்பது மோசடி. விரிசல் இருப்பதைச் சொல்லாமல் விட்டவரும், அதன் மேல் பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்தவரும் ஒன்றல்ல. 19-ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு. சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால் ஒப்பந்தத்தை முறிக்க முடியாது என்பது அது. அந்த விலக்கு தவறான தகவலுக்கும் மௌனத்துக்கும்தான். முனைந்து மறைத்தவருக்கு அது அடைக்கலம் தராது. ஆக, பெயிண்ட் டப்பாவைத் திறக்கும்போதே "பார்த்துத்தானே வாங்கினீங்க" என்ற வாதத்தை நீங்கள் கைவிடுகிறீர்கள்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற பலகையும் அப்படித்தான். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில் கொடுக்காமல் விடுவதும் அப்படியே. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. சொந்த வண்டியை ஒரு தடவை விற்கும் தனி ஆளை இந்தச் சட்டம் பிடிக்காது, கடை வைத்திருப்பவரைப் பிடிக்கும்.

மறைக்காமல் சொன்னால் வண்டி நகராது என்று பயப்படுகிறீர்கள். எந்தக் குறை விற்கத் தகுந்தது, எது தகாதது என்று பிரித்துப் பார்த்தால் அந்தப் பயம் பாதி குறையும். இரும்பு ஃபிரேமில் மடிப்பு விழாத, மொழுமொழுவென்ற ஒடுக்கு, கோணாத நூல் கணக்கோடு இருந்தால் தாராளமாக விற்கலாம். வாங்குகிறவர்கள் அதற்கு அஞ்ச மாட்டார்கள். இரும்பில் லக்கின் ஓரம் ஒட்டிய ஃபிரேமையும், ஒட்டியது என்று சொல்லி, குறைந்த விலைக்கு, பள்ளம் மேடு இல்லாத பாதையில் ஓட்டுகிறவருக்கு விற்கலாம். கீழ்க் குழாயில் மடிப்பு விழுந்த எந்த ஃபிரேமும், விரிசல் விட்டு ஒட்டிய அலாய் ஃபிரேமும் விற்பனைக்கு உரியவை அல்ல. அவற்றின் சக்கரம், கிராங்க், கியர், ஹேண்டில், பிரேக் எல்லாவற்றையும் கழற்றித் தனித்தனியாக விற்றால் முழு வண்டியின் விலையில் பெரும் பகுதி கைக்கு வந்துவிடும். ஃபிரேமை இரண்டாக அறுத்துக் காயலான் கடைக்குப் போடுங்கள். அறுக்காமல் போட்டால், பெயிண்ட் அடித்து வேறொரு கடையில் அது மறுபடி நிற்கும்.

நாங்கள் கேட்பது பில்லில் சில வரிகள்தான். ஃபிரேம் எண். இரும்பா, அலாயா, கார்பனா. பெயிண்ட் கம்பெனிப் பெயிண்டா, மறுபடி அடித்ததா. ஃபோர்க் மாற்றியதா, ஏன் மாற்றியது. ஒடுக்கு, விரிசல், வெல்டிங் இருந்தால் எந்தக் குழாயில், ஹெட் டியூபிலிருந்தோ பி.பி.-யிலிருந்தோ எத்தனை சென்டிமீட்டரில். சீட் பில்லர் கழற்றிப் பார்க்கப்பட்டதா. எதுவும் தெரியாது என்றால் "தெரியாது" என்றே எழுதுங்கள். அதற்கும் ஒரு விலை உண்டு, வாங்குகிறவர் அதைக் கணக்குப் போட்டுக்கொள்வார். நீங்கள் வண்டியை வாங்கும்போதே, விற்க வந்தவரிடம் இதே கேள்விகளைக் கேட்டு, அவர் கையெழுத்தோடு எழுதி வைத்துக்கொண்டால், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

இப்படிக்கு,
சைக்கிள் ஓட்டுகிற, பழுது பார்க்கிற சிலர்